விண்கலத்தைப் படம் பிடித்தல்



அந்தி மயங்கும் வேளையில் வானத்தை நோக்கி நிற்பவர் கண்ணுக்குச் சில நாட்களில் ஓர் ஒளிப்புள்ளி தென்படுவதுண்டு. அது விண்மீனைப்போல் மினுக்குவதில்லை. விமானத்தைப்போல் நிறவிளக்குகளைக் காட்டுவதுமில்லை. ஓசையின்றி, ஒரே சீராக, மேற்குப் பக்கத்திலிருந்து கிழக்குப் பக்கமாகச் சில நிமிடங்களில் வானைக் கடந்து செல்லும். சில வேளைகளில் நடுவானிலேயே மறைந்தும் விடும். அதுவே பன்னாட்டு விண்வெளி நிலையம். 1998-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள் அதன் முதற்பகுதி ஏவப்பெற்றது. 2000-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் முதல் மனிதர் அதில் இடையறாது வாழ்ந்து வருகின்றனர்.

அது தானே ஒளிர்வதன்று. நமக்குக் கதிரவன் மறைந்த பின்னரும், சுமார் 400 கிலோமீட்டர் உயரத்திலுள்ள அதற்குக் கதிரவன் மறைவதில்லை. அந்த ஒளியையே அது நமக்குத் திருப்பி அனுப்புகிறது. பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் விளக்கை அணைத்தாற்போல் மறைகிறது. ஆகவேதான் அந்தியிலும் வைகறையிலும் மட்டுமே அதனைக் காண இயலுகிறது.

இந்தப் புள்ளியைத் தரையிலிருந்தே படம் பிடித்து, அதன் உருவத்தைக் காண இயலுமா? இயலும். நீண்ட குவியத் தொலைவுடைய லென்ஸைக் காமிராவில் பொருத்தி உலகெங்கும் ஆர்வலர் பலர் அவ்வாறு செய்கின்றனர். நடுவில் நீண்ட உடலும், இருபுறமும் சிறகுகளைப்போல் விரிந்த மின்தகடுகளும் அப்படங்களில் தெளிவாகத் தோன்றுகின்றன.

இம்முயற்சிக்கு ஒரு வரலாறு உண்டு. 1957-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக் என்னும் முதற் செயற்கைத் துணைக்கோளை ஏவியது. இத்தகைய கோள்களைப் பின்தொடர்வதற்கென அமெரிக்க வானியலறிஞர் பிரெட் விப்பிள் முன்னதாகவே இரண்டு ஏற்பாடுகளைச் செய்யத் தொடங்கியிருந்தார். ஒன்று, மாணவரும் பொதுமக்களும் சிறு தொலைநோக்கிகளுடன் காவலிருந்த ‘மூன்வாட்ச்’ இயக்கம். மற்றொன்று, பேக்கர்-நன் என்னும் பெருங்காமிராக்கள். அவற்றுள் ஒன்று நம் நாட்டில் நைனிடாலில் நிறுவப்பெற்றது. பின்னணியிலுள்ள விண்மீன்களோடு சேர்த்துக் கோளைப் படமெடுத்து, அது எந்தக் கணத்தில் எங்கே இருந்தது என்பதை அளந்தனர். அக்காமிராக்கள் அளந்தது கோளின் இடத்தை. இன்றைய ஆர்வலர் நாடுவதோ கலத்தின் உருவத்தை.

அதிலுள்ள இடர்ப்பாடு என்ன? வகுப்பறைக் கணக்கே விடை கூறும். விண்வெளி நிலையத்தின் அகலம் 109 மீட்டர். ஒரு கால்பந்து ஆடுகளத்தின் நீளம் எனலாம். அது நேர் உச்சியில் 400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும்போது, நம் கண்ணுக்கு முழுநிலவின் விட்டத்தில் ஏறத்தாழ 33-இல் ஒரு பங்காகத் தோன்றும். 600 மில்லிமீட்டர் குவியத் தொலைவுள்ள லென்ஸ் அதனை எவ்வளவு பெரிதாகக் காட்டும்? ஒத்த முக்கோணங்களை நினைவு கூருங்கள். 109-ஐ 600-ஆல் பெருக்கி, 400 கிலோமீட்டருக்கு உரிய 4,00,000 மீட்டரால் வகுத்தால், ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குதான் வரும். மணல் துகள் ஒன்றின் அளவே அது! அந்தத் துகளுக்குள் நிலையம் முழுவதும் அடங்கி நிற்கிறது.

அடுத்த இடர்ப்பாடு வேகம். நிலையம் நொடிக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர் செல்கிறது. அசையாமல் நிறுத்திய காமிராவின் வாயில் முப்பதில் ஒரு நொடி திறந்திருந்தாலும், அதற்குள் கலம் 250 மீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் ஒளிக்கோடுதான் எஞ்சும். வாயில் ஆயிரத்தில் ஒரு நொடி திறந்தால் நகர்ச்சி எட்டு மீட்டருக்குள் அடங்கும். இரண்டாயிரத்தில் ஒரு நொடியென்றால் அதிலும் பாதி. நிலவின் வட்டத்தை அது கடப்பதற்கு உச்சியில் அரை நொடியே ஆகும். ஆகவே, கலம் வரும் திசையையும் நேரத்தையும் முன்னரே கணித்து அறிந்து, உறுதியான முக்காலியில் காமிராவை நிறுத்தி, ஒளிமிக்க விண்மீன் ஒன்றினைக் கொண்டு குவியத்தைச் சரிசெய்து வைத்துக்கொண்டு காத்திருத்தல் வேண்டும்.

மூன்றாவது இடர்ப்பாடு நம் தலைக்கு மேலுள்ள காற்று. கொதிக்கும் பாத்திரத்தின் மேலாகப் பார்த்தால் அப்பாலுள்ள பொருள் நெளிவதுபோல், காற்றின் அலைவு படத்தை நெளிக்கிறது. அதற்கு மருந்து பொறுமையே. ஒரே கடப்பில் நூற்றுக்கணக்கான படங்களை எடுத்து, தெளிவானவற்றைத் தேர்ந்தெடுக்கின்றனர். ஒரு படத்தில் மட்டும் காணும் கோட்டை அவர்கள் நம்புவதில்லை. அடுத்தடுத்த படங்களிலும் அது நின்றால்தான் உண்மையென ஏற்பர். இது புகைப்படக்காரருக்கு மட்டும் உரிய விதியா? அறிவியல் முழுவதற்கும் உரிய விதியன்றோ!

நிலையம் கதிரவன் வட்டத்தைக் கடக்கும் காட்சியையும் சிலர் படமெடுப்பர். அதற்குரிய வடிகட்டியை லென்ஸின் முன்புறம் பொருத்தாமல் கதிரவனை எக்கருவியாலும் நோக்காதீர்கள். கண்பார்வையே பறிபோகும்.

இவ்வளவு முயன்று எடுக்கும் படத்தால் பயன் யாது என்று வினவலாம். 2003-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் கொலம்பியா என்னும் விண்வெளி ஓடம் ஏழு பேருடன் புறப்பட்டது. அவருள் ஒருவர் ஹரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா. ஏவிய 82-ஆம் நொடியில், வெளித்தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று இடது சிறகில் மோதியது. சுற்றுப்பாதையிலுள்ள ஓடத்தைப் படமெடுத்துச் சிறகின் நிலையை அறியவேண்டும் என்று பொறியாளர் சிலர் கேட்டனர். மேலாளர் அதனை நிறைவேற்றவில்லை. பிப்ரவரி முதல் நாள், திரும்பும் வழியில் ஓடம் சிதைந்தது, எழுவரும் மாண்டனர். படம் எடுத்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பர் என்று எவராலும் உறுதி கூற இயலாது. ஆனால் ஐயம் எழுந்தபோது பார்த்துத் தெளியும் வாய்ப்பு கைநழுவியது என்பது மறுக்கவொண்ணா உண்மை.

பின்னர் வழக்கம் மாறிற்று. 2005-ஆம் ஆண்டு ஜூலையில் டிஸ்கவரி ஓடம் விண்வெளி நிலையத்தை நெருங்கியபோது, அதன் தலைவி எய்லீன் காலின்ஸ் ஓடத்தைக் கரணமடிப்பதுபோல் மெல்லச் சுழற்றி அடிவயிற்றைக் காட்டினார். நிலையத்திலிருந்த கிரிகாலேவ், பிலிப்ஸ் இருவரும் 400, 800 மில்லிமீட்டர் லென்ஸ்களால் அதனைப் படமெடுத்தனர். வெப்பக்காப்பு ஓடுகளின் இடையே நிரப்புப்பட்டைகள் இரண்டு துருத்தி நிற்பது தெரியவந்தது. ஆகஸ்டு 3-ஆம் நாள் ஸ்டீபன் ராபின்சன் என்னும் வீரர் வெளியே சென்று, அவற்றைக் கையாலேயே உருவி எடுத்தார். ஓடம் நலமே தரையிறங்கியது.

இளைஞர்களே, விலையுயர்ந்த லென்ஸ் உங்களிடம் இல்லாமற் போகலாம். அதற்காக வருந்தற்க. நிலையம் வரும் நேரத்தை அறிந்து, கடிகாரத்துடன் நின்று, அது எந்த விண்மீனருகே எப்போது சென்றது என்று குறித்து வையுங்கள். அடுத்த கடப்பிலும் குறித்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். ‘இருக்கலாம்’ என்பதோடு நில்லாமல், ‘பார்த்துவிடுவோம்’ என்று எழும் பழக்கம் அங்கே தொடங்கும்.