அகவிலைப்படி இல்லாதவர்கள்



மைய அரசின் அலுவலகங்களுக்கு ஆண்டில் இருமுறை ஓர் ஆணை வருவதுண்டு. ஜனவரிக்கு ஒன்று, ஜூலைக்கு ஒன்று. அகவிலைப்படி இத்தனை விழுக்காடு உயர்ந்தது என்பதே அதன் செய்தி. கொல்கத்தாவில் மொழிபெயர்ப்புப் பணியில் அமர்ந்து பல ஆண்டுகளாக அச்சொல்லை எழுதிவரும் நாம், ஒருநாள் அதன் பொருளைச் சற்றே எண்ணிப் பார்த்தோம். அகவிலை என்றால் தானியத்தின் விலை. தானியம் விலை ஏறினால் சம்பளம் பெறுவோர்க்கு ஒரு படி உண்டு. அத்தானியத்தை விளைவிப்பவர்க்கும், அதைச் சுமந்து வருபவர்க்கும் என்ன உண்டு? இன்று இவ்வொரு கேள்வியையே உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

2020ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து பதினெட்டுத் திங்கள் நமக்கு அகவிலைப்படி உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. அந்நாளில் நாம் எவ்வளவு வருந்தினோம்! அதே 2020 மே மாதத்தில் டீசல் மீதான மைய வரி லிட்டருக்கு 13 ரூபாய் உயர்ந்தது. உலகச் சந்தையில் எண்ணெய் விலை வீழ்ந்திருந்தமையால் முதல் நாள் அச்சுமை எவர்க்கும் தெரியவில்லை. உலக விலை மீண்டும் ஏறியபோதுதான் தெரிந்தது. மே மாதத் தொடக்கத்தில் கொல்கத்தாவில் 65 ரூபாயை ஒட்டி நின்ற டீசல், 2021 நவம்பர்த் தொடக்கத்தில் 100 ரூபாயைக் கடந்து நின்றது.

தமிழ்நாட்டில் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் பெறும் ஊர்களிலிருந்து வந்த நமக்கு, வயலுக்கும் டீசலுக்கும் உள்ள உறவு எளிதில் புலப்படுவதில்லை. 2022ஆம் ஆண்டு தை மாதத்தில், உடன் பணியாற்றும் வங்க நண்பர் ஒருவருடன் நதியா மாவட்டத்தில் அவருடைய ஊருக்குச் சென்றிருந்தோம். அது போரோ நெல்லின் நடவுக் காலம். மழையை நம்பாது, ஆழமற்ற குழாய்க் கிணற்று நீரைக் கொண்டு கோடையில் விளையும் நெல் அது. வயல் தோறும் டீசல் எந்திரத்தின் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. ஐந்து குதிரைத்திறன் எந்திரம் ஒரு மணி நேரம் ஓட ஏறத்தாழ ஒரு லிட்டர் வேண்டும். எந்திரம் இல்லாதவர் அண்டை வயல்காரரிடம் மணிக்கணக்கில் நீரை விலைக்கு வாங்குகிறார். டீசல் ஏறினால் நீரின் விலையும் ஏறிவிடும்.

அங்கே இரண்டு பீகா நிலம் வைத்திருந்த முதியவர் ஒருவர் சொன்னார்: “டீசலின் விலையைக் கடையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். என் நெல்லின் விலையோ, வாங்குபவர் வந்து சொன்னால்தான் எனக்கே தெரியும்.”

அவர் கூற்றைக் கணக்கு மெய்ப்பிக்கிறது. சாதாரண நெல்லுக்குக் குவிண்டாலுக்கு அரசு அறிவித்த ஆதரவு விலை 2019-20இல் 1,815 ரூபாய். 2021-22இல் 1,940 ரூபாய். உயர்வு நூற்றுக்கு ஏழு. டீசலின் உயர்வோ நூற்றுக்கு ஐம்பதுக்கும் மேல். அந்த ஆதரவு விலையும் தரகரிடம் விற்கும் சிறு உழவர் கைக்கு முழுமையாக வந்து சேர்வதில்லை.

இனி, சுமந்து வருபவரைப் பார்ப்போம். கொல்கத்தாவை அடுத்த டான்குனியில் நம் ஊர் எழுத்துள்ள லாரிகளைக் கண்டு நின்று பேசாத தமிழர் உண்டோ? சங்ககிரியைச் சேர்ந்த ஒருவர், ஒற்றை லாரிக்குத் தாமே உரிமையாளர், தாமே ஓட்டுநர், மூன்று நாளாய்த் திரும்பும் லோடுக்குக் காத்திருந்தார். “வண்டி நின்னாத் தவணை கடிக்குதுங்க அண்ணா; ஓடினா டீசல் கடிக்குது” என்றார்.

சென்னையிலிருந்து கொல்கத்தா ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர். லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 425 லிட்டர் தேவை. லிட்டருக்கு 30 ரூபாய் கூடுமாயின், ஒருவழிப் பயணத்திலேயே 12,750 ரூபாய் மிகுதியாகும். பெரிய நிறுவனங்கள் டீசல் விலைக்கேற்ப வாடகை மாறும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்கின்றன. ஒற்றை லாரிக்காரர்க்கு அவ்வாறு எழுதிக்கொடுப்பார் இல்லை. அவர் மறுத்தால், தவணைக்கு அஞ்சிய மற்றொருவர் அதே வாடகைக்கு ஏற்றிச் செல்வார். 2018 ஜூலையில் நாடெங்கும் லாரிகள் எட்டு நாட்கள் நின்றதற்கு டீசல் விலையும் ஒரு காரணம். அதற்கு முந்தைய ஆண்டு, 2017 ஜூனிலிருந்து, டீசல் விலை நாள்தோறும் மாறத் தொடங்கியிருந்தது. வாடகைக்கு அந்த வேகம் வாய்க்கவில்லை.

இவ்விருவரும் ஒருவரையொருவர் அறியார். எனினும், ஒருவர் இழப்பு மற்றவரைத் தொடுகிறது. காய்கறி வியாபாரி லாரி வாடகை ஏறினால் அதை உழவர்க்குக் கொடுக்கும் விலையில் கழிக்கிறார். நம்மிடம் வாங்கும் விலையில் கூட்டுகிறார். லேக் மார்க்கெட்டில் பையுடன் நிற்கும் நாம், “விலை ஏறிவிட்டதே, உழவர்க்கு நல்ல காலம்” என்று எண்ணி விடுகிறோம். அவ்வெண்ணம் பிழையானது.

மாற்றுவழிகள் இல்லாமல் இல்லை. மேற்கு வங்கத்தில் 2011இல், நிலத்தடி நீர் வளம் குறையாத பகுதிகளில், ஐந்து குதிரைத்திறன் வரையுள்ள பம்புகளுக்கு அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை என விதி தளர்ந்தது. மின் இணைப்புப் பெறுதலும் எளிதாயிற்று. டீசலை விட்டு மின்சாரத்துக்கு மாறிய வயலில் நீரின் செலவு குறையும். 2021 நவம்பரில் டீசல் வரி லிட்டருக்கு 10 ரூபாயும், 2022 மே மாதத்தில் 6 ரூபாயும் குறைந்தது உண்மையே. ஆயினும் பழைய 65 ரூபாய் மீளவில்லை. வரியைக் குறைப்பது ஒரு நாள் ஆறுதல். டீசல் ஏறும்போது வாடகையும் நெல் விலையும் உடன் ஏறுவதற்கு ஒரு முறை வகுப்பதே நிலையான நீதி.

அம்முறைக்குப் புதுப்பெயர் தேட வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பாளராகிய நமக்கு அப்பெயர் நன்கு தெரியும். அடுத்த ஆணை வரும்போது, அதை எழுதும் நமக்கும், அதைப் பெறும் உங்களில் பலர்க்கும், நதியாவின் முதியவரும் டான்குனியின் லாரிக்காரரும் ஒரு கணம் நினைவில் வருவார்களானால், இவ்வுரை பயன் பெற்றதாகும்.