கைதட்டலும் கண்ணீரும்

(யூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விழா என்றால் மேடை உண்டு. மேடை என்றால் பேச்சும் உண்டு. எனக்கோ பேச்சுக் கலையைப் பற்றியே பேசும்படி கட்டளை. ஆகவே, அக்கலையை முதலில் பிழைப்பாகவும் பின்பு தொண்டாகவும் கொண்ட ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவரே புனித அகுஸ்தீனார்.

கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் பேச்சுக் கலைக்கென்றே ஒரு நூல் செய்தார். பேசுவோனின் நற்பண்பு, கேட்போரின் உள்ளக் கிளர்ச்சி, எடுத்துரைக்கும் காரணத்தின் வலிமை ஆகிய மூன்றுமே பிறர் மனத்தை இணங்கச் செய்யும் என்றார். பின்னர் உரோமையரான சிசரோ, அறிவுறுத்துதல், மகிழ்வித்தல், உள்ளத்தை அசைத்தல் எனப் பேச்சாளனுக்கு மூன்று கடமைகளை வகுத்தார்.

கி.பி. 354-இல் வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே ஊரில் பிறந்த அகுஸ்தீனார், இக்கலையைக் கார்த்தேஜிலும் உரோமையிலும் கற்பித்தார். 384-இல் மிலான் நகரில் பெரிய ஆசிரியர் பதவி கிடைத்தது. பேரரசரைப் புகழ்ந்து பேசுவதும் அங்கே அவர் வேலை. பொய் நிறைந்த புகழுரை ஒன்றை ஆயத்தம் செய்து மனம் புழுங்கியிருந்த நாளில், தெருவில் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்த பிச்சைக்காரன் தம்மைவிட மகிழ்ச்சியாய் இருக்கக் கண்டார். அந்நகர் ஆயர் அம்புரோசியாரின் பிரசங்கத்தைச் சொல்லழகுக்காகவே கேட்கப் போனார். சொல்லோடு பொருளும் உள்ளே நுழைந்தது. 386-இல் பதவியைத் துறந்தார். 387-இல் ஞானஸ்நானம் பெற்றார்.

பின்பு ஹிப்போ நகர் ஆயரானார். ஆயினும் கற்ற கலையை அவர் வீசி எறியவில்லை. கிறிஸ்தவப் போதனை பற்றிய தம் நூலின் நான்காம் பகுதியில், போதிப்பவர் பேச வேண்டிய முறையை ஏறக்குறைய 426-இல் எழுதி முடித்தார். லத்தீனில் எலும்புக்கும் வாய்க்கும் உரிய சொற்கள் உச்சரிப்பில் சிறிதே வேறுபடும். ஆப்பிரிக்க மக்களின் செவிக்கு அந்த வேறுபாடு பிடிபடவில்லை. அப்படியானால் எலும்பைக் குறிக்கப் பாமரரின் கொச்சைச் சொல்லையே சொன்னால் என்ன என்று கேட்கிறார். இலக்கணப் பிழையைப் பொறுக்கலாம். விளங்காத பேச்சைப் பொறுக்கலாகாது!

அந்நூலிலேயே ஒரு நிகழ்ச்சியும் வருகிறது. மௌரித்தானியாவின் செசரேயா நகரில், ஆண்டுதோறும் குறித்த காலத்தில் ஊரார் இரு கட்சியாகப் பிரிந்து கல்லெறிந்து சண்டையிடுவர். தந்தை, மகன், உடன்பிறந்தார் என்று பாராமல் கொலையும் நடக்கும். அந்த வழக்கத்தை விட்டொழிக்கும்படி அகுஸ்தீனார் பேசினார். மக்கள் ஆரவாரித்தனர். பேச்சு விளங்கியது, இனித்தது என்பதற்கே ஆரவாரம் அடையாளம் என்று எண்ணி, அவர் நிறுத்தாமல் பேசினார். அவர்கள் கண்ணில் நீரைக் கண்ட பிறகே, உள்ளம் அசைந்தது என்று அறிந்து, நன்றி கூறி முடித்தார். எட்டு ஆண்டுகளுக்குப் பின் அவர் இதை எழுதும்போதும் அந்தக் கொடுமை அங்கே திரும்பவில்லை.

அன்பர்களே, நம்மிடையே கல்லெறி இல்லாமல் இருக்கலாம். ஆனால் வரப்புத் தகராறினால் பேச்சை நிறுத்திய அண்ணன் தம்பி, ஒரே பீடத்தின் முன் அருகருகே முழந்தாளிடுவதில்லையா? என் பேச்சுக்கு நீங்கள் கைதட்டக்கூடும். ஆனால் இன்றிரவு வீடு திரும்பும் வழியில், பல காலம் பேசாத ஒருவரிடம் நீங்களே முந்திக்கொண்டு ஒரு வார்த்தை பேசுவீர்களானால், அதுவே இந்த மேடையின் பயன்.