ஒரு நாளுக்கு ஒரு கோயில்

நான் பூலாம்பாடிக்காரன். எங்கள் ஊரில் மலேசியாவில் உறவு இல்லாத தெருவைப் பார்ப்பது அரிது. கோலாலம்பூருக்குப் போகிறவர்கள் இப்போது அப்படியே கம்போடியாவுக்கும் ஒரு நடை போய்விட்டு வருகிறார்கள். அங்கோர் வாட்டைப் பார்க்கட்டும், மிக நல்லது. ஆனால் வந்ததும், "ரெண்டே நாள்ல எல்லாக் கோயிலையும் முடிச்சிட்டோம்" என்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கோயில் என்ன முடிக்கிற காரியமா? இங்கே உள்ளூரிலும் அதே வேகம்தான். ஒரே நாளில் ஒன்பது கோயில் என்று வேன் ஏற்றுகிறார்கள். இறங்கு, செல்போனில் படம் எடு, ஏறு.

வெளியூர்க்காரர்களைக் கோயில் பார்க்க அழைத்துப் போவதைப் பல வருஷமாகச் செய்து வருகிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன். ஒரு நாளுக்கு ஒரு பெரிய கோயில். அதோடு ஓர் ஏரி, இல்லாவிட்டால் ஒரு மலை. அதற்கு மேல் வேண்டாம்.

ஏரி எதற்கு என்று கேட்பீர்கள். கம்போஜ நாட்டு (இன்றைய கம்போடியா) மன்னன் நட்பு வேண்டி ராஜேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பிய செய்தி கரந்தைச் செப்பேட்டில் இருக்கிறது. அந்தக் கம்போஜ மன்னன் முதலாம் சூரியவர்மன் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அந்தச் சூரியவர்மன் காலத்தில்தான் அங்கோரில் மேற்கு பாராய் என்ற மாபெரும் ஏரியை வெட்டத் தொடங்கினார்கள். ஏறக்குறைய 8 கிலோமீட்டர் நீளம். அதே காலத்தில் இங்கே ராஜேந்திரன் சோழகங்கத்தை வெட்டினான். இன்று அதற்குப் பொன்னேரி என்று பெயர். தன் படை கங்கைவரை போய் வென்றதற்கு அவன் நாட்டிய வெற்றித்தூண் கல்லால் ஆனதல்ல, நீரால் ஆனது என்கிறது திருவாலங்காட்டுச் செப்பேடு. அதனால் அவன் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரம் போகிறவர்கள் முதலில் பொன்னேரிக் கரையில் ஏறுங்கள். மறுபடியும் சொல்கிறேன், முதலில் ஏரி, பிறகுதான் கோயில்.

கோயிலுக்குள் வந்ததும் எல்லோரும் விமானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். தஞ்சை விமானம் விறைப்பாக நிமிர்ந்து நிற்கும். இது உள்வாங்கி, வளைந்து மேலே போகும். 180 அடி உயரம் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். நான் அங்கே அதிகம் நிற்க விடுவதில்லை. நேரே வடக்குப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப் போய்விடுவேன். அங்கே இருக்கிறார் சண்டேச அனுக்கிரக மூர்த்தி, தன் அடியார் சண்டேசருக்கு அருள்செய்யும் சிவன்.

சிற்பத்தைப் பாருங்கள். சிவனுக்கு நான்கு கை. மேற்கைகளில் மழுவும் மானும். கீழ்க்கைகள் இரண்டும் சண்டேசரின் தலையில் பூமாலையைச் சுற்றுகின்றன. சண்டேசர் கீழே அமர்ந்து, கைகூப்பி, தலையைக் குனிந்து கொடுக்கிறார். பக்கத்தில் உமையவள். எங்கள் ஊரில் பூக்கட்டிப் பிழைக்கும் ஓர் அம்மாளை ஒருமுறை அழைத்துப் போயிருந்தேன். வெகுநேரம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்: "ஒரு கை அணைச்சுப் பிடிக்குது தம்பி, ஒரு கை சுத்துது. பிள்ளைக்குத் தலையில பூ வச்சுவிட்டவங்க கைதான் இப்படிப் போகும்." நான் படித்த எந்தப் புத்தகமும் இதைச் சொல்லவில்லை. ராஜேந்திரனுக்கே இறைவன் முடிசூட்டுவதாகச் சிற்பி குறிப்பால் காட்டியிருக்கிறான் என்பார்கள் அறிஞர்கள் சிலர். இருக்கலாம். எனக்கு அந்தக் கைகள் போதும்.

இந்த ஒரு சிற்பத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை பாருங்கள். வெளிச்சம் மாறும்போது முகம் மாறும். உச்சி வேளையில் நடை சாத்தியதும் மரநிழலில் கட்டுச்சோறு. அப்போது சுற்றிலும் பாருங்கள், இவ்வளவு பெரிய கோயிலுக்கு ஏற்ற மதிலும் கோபுரமும் எங்கே? 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டுவதற்குக் கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோய்விட்டார்கள். வெயில் தணிந்ததும் மாளிகைமேட்டில் அரண்மனையின் செங்கல் அடித்தளத்தைப் பார்த்துவிட்டு, திரும்ப சண்டேசரிடம் வாருங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்துக்கு வருகிறவர்கள் சாமி கும்பிட வாருங்கள். சிற்பம் பார்க்க அன்று இடம் கிடைக்காது.

மூன்று நாள் இருந்தால் கங்கைகொண்ட சோழபுரத்தை நடுநாளில் வையுங்கள். முதல் நாள் எங்கள் பக்கம். காலையில் வாலிகண்டபுரம் வாலீசுவரர் கோயில், மாலையில் சாத்தனூர் கல்மரம். கிடக்கும் அடிமரம் மட்டுமே 18 மீட்டர். இந்தப் பகுதி கடலடியில் கிடந்த காலத்தில் புதைந்து கல்லானது. எம். எஸ். கிருஷ்ணன் என்ற புவியியல் அறிஞர் 1940-இல் அதை உலகுக்குச் சொன்னார். மூன்றாம் நாள் கீழையூர் இரட்டைக்கோயில். சோழர் காலச் சிற்றரசர்களான பழுவேட்டரையர் ஊர் அது. அங்கிருந்து கரைவெட்டி ஏரி. 2024-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பறவைகள் சரணாலயம். இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்து அங்கே வந்து இறங்குகிறது. எங்கள் பக்கத்து ரஞ்சன்குடிக் கோட்டையை நான் இதில் சேர்ப்பதில்லை. அதைத் தனியே ஒரு நாள் பார்க்க வேண்டும்.

கம்போடியா போகிறவர்களுக்கும் இதே கணக்குதான். அங்கோர் வாட்டுக்கு ஒரு முழு நாள், மேற்கு பாராய்க் கரையில் ஒரு மாலை, ஆற்றுப்படுகையிலேயே லிங்கங்கள் செதுக்கிய கபால் ஸ்பியனுக்கு ஒரு நாள்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேண்டுகோள். மார்கழி, தை மாதங்களில் கரைவெட்டியில் தண்ணீரும் இருக்கும், பறவையும் இருக்கும். வெயிலும் தாங்கும். இந்தத் தையிலேயே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புறப்படுங்கள்.