சளியில் தெரியாவிட்டால் நோய் இல்லை என்று ஆகாது
(புதுக்கடையில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே, தாய்மார்களே, தோட்டத்தை விட்டு வந்து கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலைசெய்யும் தம்பி தங்கைகளே,

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். நீதிமன்றங்கள் நிறைந்த இந்தப் புதுக்கடைக்கு அது பொருந்தும். காசநோய்ப் பரிசோதனைக்கும் பொருந்தும்.

காசநோய்க் கிருமியை றொபேர்ட் கொக் 1882இல் கண்டறிந்தார். அன்றிலிருந்து சளியை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்ப்பதே வழக்கம். ஆனால் ஒரு மில்லிலீற்றர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகள் வரை இருந்தால்தான் அவை கண்ணில் படும். எச்.ஐ.வி. தொற்றினால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவரின் சளியில் பெரும்பாலும் அத்தனை கிருமி வராது. நோய் உள்ளே இருக்கும். அறிக்கையோ "இல்லை" என்று சொல்லும். உலகெங்கும் எச்.ஐ.வி. உள்ளவர்களில் அதிகமானோரைக் கொல்வது காசநோய்தான்.

கிருமியை வளர்த்துப் பார்க்கலாம். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஜீன் எக்ஸ்பேர்ட் என்ற கருவியோ கிருமியின் மரபணுவையே தேடுகிறது. மில்லிலீற்றருக்குச் சுமார் 130 கிருமிகள் இருந்தாலே போதும். கருவியில் வைத்த இரண்டு மணித்தியாலத்தில் முடிவு வந்துவிடும். ரிபாம்பிசின் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் அதுவே சொல்லிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் இதை ஏற்றது, எச்.ஐ.வி. உள்ளவருக்கு முதல் பரிசோதனையாக இதையே செய்யச் சொன்னது. இலங்கையிலும் இந்தக் கருவி பயன்பாட்டில் இருக்கிறது. மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் கேளுங்கள்.

சாதாரணமாக இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைச் சோதிக்க வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர் அதுவரை காத்திருக்கக் கூடாது. இருமல், காய்ச்சல், உடல் மெலிவு, இரவு வியர்வை ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே போக வேண்டும். இந்தச் சோதனையிலும் தெரியாமல் போகலாம். ஆகவே வருத்தம் தொடர்ந்தால் திரும்பவும் வைத்தியரிடம் போங்கள். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். எச்.ஐ.வி. மருந்து எடுப்பதையும் அவரிடம் சொல்லுங்கள். இரண்டு மருந்தும் ஒத்துப்போக வேண்டும். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து. அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. இடையில் நிறுத்தாதீர்கள்.

காசநோய் காற்றில் பரவும். லயக் காம்பராவில் ஒருவருக்கு வந்தால் கூட இருக்கும் எல்லோரும் சோதிக்க வேண்டும். எச்.ஐ.வி. அப்படியல்ல, ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தால் அது தொற்றாது. யாரையும் ஒதுக்காதீர்கள்.

வேலைக்காக எச்.ஐ.வி. பரிசோதனையைக் கட்டாயப்படுத்தக் கூடாது, தொற்றைக் காரணம் காட்டி வேலையை நிறுத்தக் கூடாது என்று சர்வதேச தொழில் தாபனத்தின் 200ஆம் இலக்கப் பரிந்துரை 2010இலேயே சொல்லிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்கு அன்றைய பேர் போகிறது. அந்தப் பயத்தில்தான் பலர் இருமலை அடக்கிக்கொண்டு கொழுந்தெடுக்கிறார்கள். ஆகவே நாம் கேட்பது மூன்று: பரிசோதனை நாளுக்குச் சம்பளம் வேண்டும், சளி மாதிரியைத் தோட்ட மருந்தகத்திலேயே எடுத்து அனுப்ப வேண்டும், முடிவு துரையின் காதுக்கோ கணக்கப்பிள்ளையின் காதுக்கோ போகக் கூடாது.

இதைக் கேட்பது பிச்சையல்ல, உரிமை.