'தி' இல்லேன்னா என்ன ஆகும்?

"இங்கிலீஷ்ல 'எ', 'தி' எல்லாம் விட்டுட்டாலும் அர்த்தம் புரியுதே, அப்புறம் என்ன?" அடிக்கடி காதுல விழற கேள்வி இது. பல நேரம் புரிஞ்சிடும், உண்மைதான். புரியாமப் போன ஒரு இடத்தைச் சொல்றேன்.

1967 ஜூன்ல ஆறு நாள் போர். சினாய், காசா, மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம், கோலான் குன்றுகள், எல்லாம் இஸ்ரேல் கைக்குப் போச்சு. நவம்பர் 22 அன்று ஐ.நா. பாதுகாப்பு சபை 242ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. பிடிச்ச பகுதிகள்லேர்ந்து படைகள் விலகணும்னு அதுல இருக்கு. ஆனா ஆங்கில வாசகத்துல 'டெரிட்டரீஸ்' முன்னாடி 'தி' கிடையாது. "எல்லாப் பகுதியும்னு சொல்லலையே" என்பது இஸ்ரேல் தரப்பு. "போர்ல நிலம் பிடிக்கிறதே ஏற்க முடியாதுன்னு அதே தீர்மானம் சொல்லுது, அப்போ எல்லாம்தான்" என்பது அரபு நாடுகள். பிரெஞ்சு வாசகத்துல 'தே'ன்னு ஒரு சொல் நிக்குது, அதை 'தி' மாதிரியும் படிக்கலாம்! அரை நூற்றாண்டு தாண்டியும் இந்த வழக்கு தீரலை. கைதவறி விட்டதும் இல்லை, தெரிஞ்சேதான் விட்டாங்க.

'தி' சொல்றது இவ்வளவுதான்: "எதைச் சொல்றேன்னு உனக்கே தெரியும்." தமிழ்ல இது இல்லவே இல்லைன்னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். "புக் வாங்கினேன்"னா ஏதோ ஒரு புக். "புக்கை வாங்கினேன்"னா நாம பேசிட்டிருந்த அதே புக். அந்தக் குட்டி 'ஐ' கிட்டத்தட்ட 'தி' வேலையைத்தான் பார்க்குது. அதனால சந்தேகம் வந்தா வாக்கியத்தைத் தமிழ்ல சொல்லிப் பாருங்க. 'ஐ' தானா வந்து ஒட்டுதுன்னா, பெரும்பாலும் அங்க 'தி' வேணும். பொருள்களுக்கு மட்டும்தான் இந்த வித்தை. ஆட்களுக்கு எடுபடாது, யாரா இருந்தாலும் "டாக்டரைப் பார்த்தேன்"தான்.

'எ' விஷயத்துல ஒரே ஒரு எச்சரிக்கை. 'எ ஃபியூ'ன்னா கொஞ்சம் இருக்கு. வெறும் 'ஃபியூ'ன்னா பெரிசா ஒண்ணும் இல்லை. மேனேஜருக்கு "ஐ ஹேவ் ஃபியூ டவுட்ஸ்"னு மெயில் போட்டா, "எனக்கு அனேகமா எல்லாம் தெளிவு"ன்னுதான் அர்த்தம். அவர் மீட்டிங் வைக்கலைன்னா அவர் மேல கோபப்படாதீங்க.