கடற்கரையில் கைவிடப்பட்டவை
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கடலுக்கு வெகு தொலைவில், இத்தலைநகரில் வாழும் நாம் கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லுங்கால் இராமேசுவரத்தையும் தனுஷ்கோடியையும் கண்டு வருகிறோம். கைப்பேசி நிறையப் படங்களும் கொணர்கிறோம். சென்ற ஆண்டு நாங்கள் எடுத்த படமொன்றில் எங்கள் முகங்கள் சிரித்தன. பின்னால் ஒரு சிதைந்த சுவர் நின்றது. "தாத்தா, இது யார் வீடு?" என்று பேத்தி வினவினாள். படத்தில் அதற்கு விடை இல்லை. அக்குறையே இன்று எங்களைப் பேச வைத்தது.

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய பெரும்புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் வண்டி நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களோடு கடலுக்கு இரையாயிற்று. அவ்வூர் மக்கள் வாழத் தகுதியற்றதென அரசு அறிவித்தது. தேவாலயச் சுவர்களும் புகைவண்டி நிலையத்தின் எச்சங்களும் இன்றும் மணலிடை நிற்கின்றன. மனிதர் வாழ்ந்தமைக்கு அவை சான்றுகள். அச்சான்று பார்ப்பவர்க்கு விளங்குமாறு சட்டத்துள் நிறுத்துவதே பட அமைப்பு.

முதற்கண், வேண்டாதவற்றை நீக்குதல் வேண்டும். எங்கள் படத்தில் வேன்களும் கடைப் பந்தலும் எங்கள் பைகளும் புகுந்துவிட்டன. நான்கடி நகர்ந்து நின்றிருந்தால் அவை சுவருக்குப் பின் மறைந்திருக்கும்.

அடுத்து, கடலும் வானும் கூடும் கோடு சாயலாகாது. சாய்ந்தால் கடலே கவிழ்வதுபோல் தோன்றும். அக்கோடு படத்தை இரு சம பாதியாக வெட்டுதலும் பெரும்பாலும் அழகன்று. மணலில் கிடக்கும் சிறு பொருளை நின்றவாறே எடுத்தால் அது மணலோடு மணலாகிவிடும். மண்டியிட்டு எடுத்தால் வானத்தின் எதிரே நிமிர்ந்து நிற்கும். கரையேறிய படகாயின், அதன் முகப்பு நோக்கும் திசையில் வெளி விடுக.

காலையும் மாலையும் சாய்வெயிலில் கல்லின் சொரசொரப்பும் மணலின் அலைவரிகளும் புலப்படும். வெண்மணலின் ஒளியால் ஏமாந்து கருவி படத்தை இருட்டாக்கும். ஒளியளவைச் சிறிது கூட்டுக. மணலில் நடக்குமுன் படமெடுக்க. நம் காலடிகளே காட்சியைக் கெடுக்கும்.

ஒன்று மறவற்க: அழகுக்காக எதனையும் இடம் பெயர்க்கவோ, கல்லொன்றையேனும் எடுத்துவரவோ கூடாது. கவிழ்ந்து கிடக்கும் படகெல்லாம் கைவிடப்பட்டதுமன்று. நாளை அது கடலேறலாம். அருகிலுள்ள மீனவரிடம், "ஐயா, படம் எடுக்கலாமா?" என்று கேட்பது நம் கடமை.

இவ்வாண்டு மீண்டும் சென்றோம். சிதைந்த சுவரொன்றின் சாளர இடைவெளியில் கடல் தெரியும் இடத்தைத் தேடி நின்றோம். அழித்ததும் அழிந்ததும் ஒரே சட்டத்துள் அமைந்தன. அப்படத்தில் நாங்கள் இல்லை. பேத்தி நெடுநேரம் அதனைப் பார்த்திருந்துவிட்டு, "இந்தச் சன்னல் வழியாகத்தான் அவர்களும் கடலைப் பார்த்திருப்பார்களா?" என்றாள்.

அன்பர்களே, அடுத்த விடுமுறையில் குடும்பத்துக்கு ஒரு படமேனும் நம் முகம் இல்லாமல் எடுத்து வருவோம். அதன் பின்புறத்தில் ஊரும் ஆண்டும் எழுதி வைப்போம். கடல் காணாது வளரும் நம் பிள்ளைகட்கு அது ஊரைச் சொல்லும்.