வாதம் எழுதப் பழகுவது எதற்கு?



இக்கல்லூரியில் ஒரு வருஷகாலம் வாதக்கட்டுரை எழுதப் பயின்றிருக்கிறீர்கள். ஆரம்பத்தில் எழுதியதையும் முடிவில் எழுதியதையும் நம்மிடம் கொடுத்து அபிப்பிராயம் கேட்டீர்கள். இரண்டையும் படித்தோம். வளர்ச்சி நன்றாகவே தெரிகிறது.

முதல் கட்டுரைகளில் என்ன இருந்தது? குழந்தை மணம் கூடாதென்று எழுதினீர்கள். ஏன் கூடாதென்றால், பெரியார் சொல்லியிருக்கிறார் என்பதே பதில். தோழர்களே! மனு சொல்லியிருக்கிறார் என்று வைதிகர் சொல்லுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பெயர்தானே மாறியிருக்கிறது! தாம் சொல்லுவதையும் அப்படியே நம்பிவிடாமல், சொந்தப் புத்தியால் ஆராய்ந்து, சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள் என்றவரல்லவா பெரியார்? மற்றொருவர் வைதிகரை வைதே நான்கு பக்கம் நிரப்பியிருந்தார். வசவு எழுதக் கல்லூரி எதற்கு? குழாயடி போதாதா?

கடைசிக் கட்டுரைகளில் ஒன்றும் அதே விஷயந்தான். ஆனால் அதில் எதிரியின் கட்சி, எதிரியே ஒப்புக்கொள்ளும்படி முதலில் எழுதப்பட்டிருக்கிறது. மணம் முடிப்பது பெற்றோர் பொறுப்பு, அது மத விஷயம், சர்க்கார் தலையிடலாகாது என்பது அது. பிறகு ஆதாரங்கள் வருகின்றன. 1889-ல் கல்கத்தாவில் பூல்மணி என்ற சிறுமி, கணவன் செய்த பலாத்காரத்தால் உயிர்விட்டாள். மனைவிக்குப் 10 வயது கடந்துவிட்டால் கணவன்மேல் பலாத்காரக் குற்றம் சாட்ட அன்றைய சட்டத்தில் இடமில்லை. 1891-ல் அந்த வயதை 12 ஆக்கச் சட்டம் வந்தபோது, மதத்தில் கைவைப்பதென்று திலகர் போன்றவர்களே எதிர்த்தார்கள். 1929-ல் சாரதா சட்டம் பெண்ணின் மணவயதை 14 என்றபோதும் அதே கூச்சல்தான். இவ்வளவையும் சொல்லிவிட்டு அந்தத் தோழர் கேட்பது ஒரே கேள்வி: ஒரு சிறுமியின் உடல் தாங்குமா என்பதைச் சொல்ல வேண்டியது சாஸ்திரமா, வைத்தியமா? வசவுக்குத் திருப்பி வைது விடலாம். இக்கேள்விக்கு வைதிகர் என்ன செய்வார்?

இது மேல்நாட்டில் கடன் வாங்கிய வித்தையென்று சிலர் சொல்லக்கூடும். பவுத்த நூலாகிய மணிமேகலையிலேயே பக்கம், ஏது, திட்டாந்தம் என்று வாதத்தின் உறுப்புகள் கூறப்பட்டிருக்கின்றன. மலையில் நெருப்பிருக்கிறது என்பது பக்கம். புகை தெரிவதால் என்பது ஏது. அடுப்பங்கரையில் பார்த்திருக்கிறோமே என்பது திட்டாந்தம். ஏர் உழுகிறவனுக்கும் இது விளங்கும். புராணங்களை இதில் நிறுத்திப் பாருங்கள். பக்கம் பக்கமாகப் பக்கம் இருக்கும், ஏதுவைத்தான் காணமுடியாது!

தோழர்களே! பரீட்சையில் மார்க்கு வாங்கியதோடு இப்பயிற்சி முடிந்துவிட்டதென்று எண்ணாதீர்கள். 1978-லேயே பெண்ணின் மணவயது 18 ஆக்கப்பட்டும் குழந்தை மணம் இன்னும் அடியோடு ஒழியவில்லை. நாளை உங்கள் ஊரில் 15 வயதுப் பெண்ணுக்கு முகூர்த்தம் குறிப்பார்கள். அப்போது அவள் தகப்பனாரிடம் வையாமல், அஞ்சாமல், அவர் கட்சியைக் கேட்டு, ஆதாரத்தோடு பேசி அந்த மணத்தை நிறுத்துவீர்களா? அதுவே உங்களுக்கு உண்மையான பரீட்சை. அதில் நீங்கள் தேறவேண்டுமென்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.